தப்பா பேசலாம் வாங்க... செல்லிப்பட்டுக்கு!

பாண்டிச்சேரின்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? பீச், காந்தி சிலை, மஞ்சள் சுவர் வெச்ச பிரெஞ்சு வீடுகள், அப்புறம்... சரி, அது வேணாம், விடுங்க! டூரிஸ்ட் பஸ்கள் எட்டிப் பார்க்காத இன்னொரு பாண்டிச்சேரி இருக்கு பாஸ். கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேற்கே வில்லியனூர் பக்கம் பஸ் ஏறினீங்கன்னா, கொஞ்ச நேரத்துல பிரெஞ்சு வாடை போய் நெல் வாடை அடிக்க ஆரம்பிச்சிடும். இந்தப் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. புதுச்சேரி நிலம் ஒரே துண்டா கிடையாது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவுல தீவு தீவா சிதறிக் கிடக்கும். ஒரே ரோட்டுல போயிட்டே இருப்பீங்க... தமிழ்நாடு வரும், போகும், மறுபடி புதுச்சேரி வரும். எந்த ஸ்டேட்டுல இருக்கோம்னு செல்போனே குழம்பிடும்!

அப்படி ஒரு ரூட்டுல, சங்கராபரணி ஆத்தங்கரையில இருக்கிற கிராமம்தான் செல்லிப்பட்டு. செஞ்சிப் பக்கத்து மலைகள்ல இருந்து வர்ற ஆறு இது. அதனால செஞ்சி ஆறுன்னும் சொல்வாங்க, வராக நதின்னும் ஒரு பேர் இருக்கு. செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவுல பிரெஞ்சுக்காரங்க காலத்துல ஒரு படுகை அணை கட்டினாங்க. சுத்துப்பட்டு கிணறுகளுக்கு ஊத்து கொடுத்தது அந்த அணைதான். 2021 நவம்பர் மழை வெள்ளத்துல அது உடைஞ்சது. ஊர்ல யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைக் கண்ணை விரிச்சுச் சொல்வாங்க.

இந்த ஊருக்கு நாங்க போனது சுத்திப் பார்க்க இல்ல. எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப். ஏழு நாள். காலையில முள்ளு வெட்டணும், மரக்கன்று நடணும். சாயங்காலம் பசங்களுக்கு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ சொல்லித் தரணும். முள்ளு வெட்டுறது ஈஸியா இருந்துச்சு!

சைலன்ட் மோடு!

ஏழாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் முப்பது சொச்சம் பசங்க. “வாட் இஸ் யுவர் நேம்?”னு கேட்டா டக்குனு பதில் வருது. “டெல் மீ சம்திங் அபவுட் யுவர்செல்ஃப்”னு கேட்டோம் பாருங்க... மயான அமைதி! ஒருத்தன் தரையைப் பார்க்கிறான். ஒருத்தி துப்பட்டா நுனியைச் சுருட்டுறா. பின்னாடி இருக்கிறவன், அவனுக்கு முன்னாடி இருக்கிறவன் முதுகுல ஒளியறான்.

சரி, இங்கிலீஷே தெரியாதோன்னு நோட்டை வாங்கிப் பார்த்தா, எங்களுக்கு ஷாக். ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் எல்லாம் அச்சுப் பிசகாம மாத்தி எழுதியிருக்காங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. பேனாவுக்கு வர்ற இங்கிலீஷ் வாய்க்கு ஏன் வரலை?

எட்டாவது படிக்கிற ஒரு பையன்தான் மேட்டரை உடைச்சான். “தெரியும்க்கா. ஆனா தப்பா சொன்னா சிரிப்பானுங்க. அப்புறம் அதையே பேரா வெச்சுடுவானுங்க!” பக்கத்துல இருந்த இன்னொரு பையனைக் காட்டினான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவன் ‘ஸ்கூல்’ங்கிறதை ‘இஸ்கூல்’னு வாசிச்சிருக்கான். அன்னியில இருந்து அவன் பேரே ‘இஸ்கூலு’தானாம். அந்த இஸ்கூலு ஏழு நாள்ல முதல் மூணு நாள் எங்ககிட்ட தமிழ்ல கூடப் பேசலை.

சிரிக்காதீங்க பாஸ். நம்ம காலேஜ்ல மட்டும் என்ன வாழுது? ஃபர்ஸ்ட் இயர்ல கடைசி பெஞ்ச்சைத் தேடிப் போறவங்க எல்லாம் அரட்டை அடிக்கவா போறாங்க? செமினார் அன்னிக்கு மட்டும் காய்ச்சல் வர்றவங்க, வைவாவுல பதில் தெரிஞ்சும் “சாரி சார்”னு சொல்லிட்டு வெளியே வர்றவங்க, கேம்பஸ் இன்டர்வியூவுல குரூப் டிஸ்கஷன் ரவுண்டோட மூட்டை கட்டுறவங்க... நம்ம கிளாஸ்லயே எத்தனை இஸ்கூலு இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.

திடீர்னு மாறின சிலபஸ்

இந்தப் பசங்களுக்கு நம்மளை விட ஒரு ரவுண்டு அதிகம். புதுச்சேரிக்குன்னு தனி போர்டு கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு பாடத்திட்டத்தைப் படிச்சாங்க. மாஹே கேரளாவை, ஏனாம் ஆந்திராவைப் பார்த்துச்சு. அரசுப் பள்ளிகள்ல தொடக்க வகுப்புகளுக்கு சி.பி.எஸ்.இ. முன்னாடியே வந்திருந்தது. 2023-24 கல்வியாண்டுல 6 முதல் 9 வரைக்கும், கூடவே 11-ம் வகுப்பும் மாறிச்சு. அடுத்த வருஷம் 10, 12. அரசுப் பள்ளிப் பசங்க முதல் முறையா சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினது 2025-ல. கணக்கும் சயின்ஸும் தமிழ்ல படிச்சுட்டு வந்த பையனுக்கு புஸ்தகமே இங்கிலீஷாயிடுச்சு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இங்கிலீஷ்ல 20 மார்க் உள்மதிப்பீடு. அதுல கேட்கிறதுக்கும் பேசுறதுக்கும் தனியா மார்க் உண்டு. அதாவது, வாயைத் திறக்காம இருந்தா இப்போ மார்க்கும் போகும்.

பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு இதைத்தான் எங்ககிட்ட சொன்னா. “பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருக்கேன்க்கா. பதினொண்ணுல பேசுறதுக்கே மார்க்காம். தையல் கத்துக்கிட்டு, பதினெட்டு ஆனதும் சேதராப்பட்டு கம்பெனியில சேர்ந்துடுவேன்.” கணக்குல எண்பதுக்கு மேல எடுக்கிற பொண்ணு! கம்பெனி வேலை கேவலம் இல்ல. ஆனா அவ போறது வேலை பிடிச்சு இல்ல, ஒரு கிளாஸ் ரூம்ல எழுந்து நிக்க பயந்து. அதுதான் எங்களுக்குத் தூக்கம் வராம பண்ணுச்சு.

கடலூர்ல கிடைச்ச சாவி

அன்னிக்கு ராத்திரி எங்க டீம்ல ஒரே விவாதம். ‘மொதல்ல கிராமரை ஸ்ட்ராங் பண்ணுவோம்’னு ஒரு கோஷ்டி. ‘கிராமர்தான் ஏற்கெனவே ஸ்ட்ராங்கா இருக்கே’ன்னு இன்னொரு கோஷ்டி. எங்க புரொகிராம் ஆபீஸர் சார் ரெண்டு விஷயம் சொன்னார்.

முதல் விஷயம், இந்த பயம் செல்லிப்பட்டு சரக்கு இல்ல. அமெரிக்காவுல எலைன் ஹார்விட்ஸும் அவரோட ரெண்டு சகாக்களும் 1986-ல 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரிச்சாங்க. வேற பாஷை கத்துக்கிற மாணவனோட பயத்தை அளக்கிற ஸ்கேல் அது. அந்த 33-ல ஒண்ணு, நான் பேசினா மத்தவங்க சிரிப்பாங்கங்கிற பயம். அதாவது, அமெரிக்க யுனிவர்சிட்டியில ஸ்பானிஷ் படிக்கிறவனுக்கும் நம்ம இஸ்கூலுக்கும் ஒரே வியாதி!

ரெண்டாவது விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பாகூரைத் தாண்டினா வர்ற கடலூர்லயே இதுக்கு ஒரு பரிசோதனை நடந்திருக்கு. என்.எஸ்.பிரபுன்னு ஒரு பேராசிரியர், மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவர். 1979-ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூர், மெட்ராஸ், கடலூர்னு சாதாரண பள்ளிகள்ல இதைச் செஞ்சு பார்த்தார். ‘பெங்களூர் புராஜெக்ட்’னு உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் படிக்கிற விஷயம் அது. ஐடியா சிம்பிள். கிராமர் வாக்கியங்களை ஒப்பிக்க விடாதே. ரயில்வே டைம் டேபிள், மேப் மாதிரி ஏதாவது ஒண்ணைக் கொடுத்து, ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லு. பையன் கவனம் விடையில இருக்கும். பாஷை தானா உள்ளே இறங்கும். தப்பா சொன்னா அங்கேயே நிறுத்தி பாடம் எடுக்காதே, சரியான வார்த்தையை நீ சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டே இரு.

1985-ல வந்த மதிப்பீடு இதை மந்திரம்னு சொல்லலை. வழக்கமான கிராமர் டெஸ்ட்டுல பழைய முறையில படிச்ச பசங்கதான் முன்னாடி இருந்தாங்க. ஆனா காதால கேட்டு எழுதுறது, படிச்சுப் புரிஞ்சுக்கிறது போன்ற விஷயங்கள்ல பிரபுவோட பசங்க கை ஓங்கியிருந்துச்சு. கிராமர் டெஸ்ட்டுல ஏற்கெனவே பாஸ் ஆகிற எங்க செட்டுக்கு வேற என்ன வேணும்? மறுநாளே களமிறங்கிட்டோம்.

ஆத்தங்கரை கிளாஸ்

மூணே மூணு ரூல்ஸ் போட்டோம். ஒண்ணு, யோசிக்கிறது, சண்டை போடுறது எல்லாம் தமிழ்ல. முடிவை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லணும். ரெண்டு, வார்த்தை வரலைன்னா தமிழ் வார்த்தையையே போட்டு நிரப்பிக்கலாம். மூணு, யாராவது சிரிச்சா, அடுத்து பேச வேண்டியது சிரிச்சவர்தான். மூணாவது ரூல் பயங்கரமா வொர்க் அவுட் ஆச்சு!

முதல் ஆட்டம், ரயில். விழுப்புரத்துல இருந்து புதுச்சேரிக்கு வர்ற லைன் 1879-ல போட்டது. வில்லியனூர்லயும் ஸ்டேஷன் இருக்கு. செல்போன்ல டைம் டேபிளைக் காட்டி, ‘காலையில பத்து மணிக்குள்ள விழுப்புரத்துல இருக்கணும், எப்படிப் போவீங்க?’ன்னு கேட்டோம். அரை மணி நேரம் தமிழ்ல அடிதடி. அப்புறம் ஒரு குரல், “ஃபர்ஸ்ட் பஸ். வில்லியனூர். தென் டிரெயின்.” ரயில்ல போனா லேட்டாகுமேன்னு இன்னொரு குரல், “நோ டிரெயின். ஒன்லி பஸ். சேஃப்டி.” வாக்கியமே இல்லதான். ஆனா எதிர்த்துப் பேசினான் பாருங்க, அதுவும் இங்கிலீஷ்ல!

அந்த ரயில்வே கதையோட ஒரு கொசுறு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம்காரர். அப்பா ரயில்வே ஊழியர், இவர் படிச்சது அங்கே இருக்கிற ரயில்வே பள்ளியில. பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சுட்டுத்தான் இன்ஜினீயரிங் போனார். 2023 ஆகஸ்ட் 23 அன்னிக்கு நிலாவுல இறங்கின விஷயத்தை மைக் முன்னாடி நின்னு இங்கிலீஷ்ல சொன்னார். சொல்ல ஒரு விஷயம் கையில இருந்துச்சு, சொன்னார். அவ்வளவுதான். பசங்க அந்த வீடியோவை மூணு தடவை போடச் சொன்னாங்க.

ரெண்டாவது ஆட்டம், கைடு. ‘நான் வெளியூர்க்காரி. எனக்கு உங்க பக்கத்தைச் சுத்திக் காட்டணும்.’ இதுலதான் செமையா சூடு பிடிச்சுது. ஏன்னா இந்தப் பக்கத்துல சொல்றதுக்கு அவ்வளவு விஷயம் கொட்டிக் கிடக்கு.

வில்லியனூர் பக்கத்துல கீழூர்னு ஒரு ஊர். 1954 அக்டோபர் 18 அன்னிக்கு புதுச்சேரியோட மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேரணும்னு 170 பேர், வேணாம்னு 8 பேர். நவம்பர் 1-ல நிர்வாகம் கைமாறிச்சு. சட்டப்படி முழுசா இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16. இந்தப் பெரிய சரித்திரத்தை நம்ம ஏழாம் கிளாஸ் கைடு எப்படிச் சொன்னான் தெரியுமா? “ஒன் செவன்டி யெஸ். எயிட் நோ. பிரான்ஸ் கோ!” இதை விட சுருக்கமா எந்த புரொஃபசராலயும் சொல்ல முடியாது!

அந்த ஓட்டுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல அதிகாரம் பேசின பாஷை பிரெஞ்சு. அதுல மிச்சம் இன்னிக்கும் இருக்கு. நம்ம ஊர்ல பஞ்சாயத்து யூனியன்னு சொல்றோமே, இங்கே அது ‘கொம்யூன் பஞ்சாயத்து’. சுத்த பிரெஞ்சு வார்த்தை! பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்களை ‘சொல்தா’ன்னு சொல்வாங்க. அதுவும் பிரெஞ்சுதான். எந்தத் தாத்தாவும் உச்சரிப்பு சரியான்னு யோசிச்சுக் கூச்சப்பட்டதில்ல. தேவைப்பட்டுச்சு, எடுத்துக்கிட்டாங்க, தமிழ் வாய்க்கு ஏத்த மாதிரி மடிச்சுக்கிட்டாங்க.

எதிர்ப்பக்கமும் அதேதான் நடந்திருக்கு. வில்லியனூரை பிரெஞ்சுக்காரங்க ‘வில்லெனூர்’னு எழுதினாங்க. செல்லிப்பட்டுக்கு இங்கிலீஷ்ல எழுதுற பேரைப் பாருங்க, ‘செல்லிப்பெட்’! இதை நம்ம இஸ்கூலுகிட்ட காட்டினப்போ முதல் தடவையா வாய் விட்டுச் சிரிச்சான். “அவங்க மட்டும் எங்க ஊர் பேரைத் தப்பா எழுதலாமாக்கா? அதுக்கு யாரும் பட்டப்பேர் வெக்கலையே?” கரெக்ட்தானே! மூணு நாள் மௌனம் அங்கேதான் உடைஞ்சுது.

தெற்கே பாகூர். அங்கே கிடைச்ச செப்பேடு ஒண்ணு, 9-ம் நூற்றாண்டு. நிருபதுங்கவர்மன்கிற பல்லவ மன்னன் காலத்துல, பாகூர்ல இருந்த ஒரு உயர்கல்விக் கூடத்தோட செலவுக்கு மூணு கிராமங்களை எழுதி வெச்சிருக்காங்க. அதாவது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பக்கத்துல காலேஜ்! செப்பேடு சமஸ்கிருதத்துலயும் இருக்கு, தமிழ்லயும் இருக்கு. படிப்புக்கு ஒரு பாஷை, வீட்டுக்கு ஒரு பாஷைங்கிற பஞ்சாயத்து நேத்து ஆரம்பிச்சது இல்ல பாஸ்.

கிழக்கே போனா, இதே சங்கராபரணியோட கிளை ஆறு கடலைத் தொடுற பக்கத்துல அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிப் பார்த்து, ரோமானியர்களோட வியாபாரத் தொடர்பு இருந்ததை நிரூபிச்சார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மணியும் துணியும் வித்த நம்மாளு, கிராமர் முடிச்சுட்டா வியாபாரத்துக்குப் போயிருப்பார்? சரக்கு கையில இருந்துச்சு, பேச்சு தானா வந்திருக்கும்.

அணை உடைஞ்ச கதை

ஆறாவது நாள், பத்தாவது படிக்கிற அந்தப் பொண்ணு தானா எழுந்து வந்தா. “அணையைப் பத்தி சொல்லட்டுமாக்கா?”

வெள்ளம் வந்தப்போ அவ ஆறாவது படிச்சிட்டு இருந்தா. “ரெய்ன் கம். மோர் ரெய்ன். வாட்டர் கம், கம், கம்...” கையை விரிச்சு விரிச்சுக் காட்டினா. “வால் பிரோக். பிக் சவுண்ட்.” அப்புறம் நின்னா. நாங்க யாரும் வாயைத் திறக்கலை. அணை எதுக்குன்னு சொல்லணும் அவளுக்கு. வார்த்தை இல்ல. தமிழ்ல கேட்டா, “ஊத்துக்கு இங்கிலீஷ்ல என்னாக்கா? நிலத்துக்குள்ள இருக்கிற தண்ணி?” “கிரவுண்ட் வாட்டர்.” வார்த்தையை வாங்கிக்கிட்டு ஓடினா பாருங்க... “டேம் ஸ்டாப் வாட்டர். வாட்டர் கோ டவுன். கிரவுண்ட் வாட்டர் கம் அப். வெல் ஃபுல். டேம் பிரோக், வாட்டர் கோ சீ. வெல் நோ வாட்டர்.”

சிவில் படிக்கிற எங்க சீனியர் அண்ணா வாயைப் பிளந்துட்டு நின்னார். படுகை அணை எப்படி நிலத்தடி நீரை ஏத்துதுன்னு அவர் செமினார்ல எடுத்த மேட்டர் இதுதான். நாலு நிமிஷம் பேசினா அந்தப் பொண்ணு. டென்ஸ் எல்லாம் தாறுமாறு. ஆனா, கேட்ட முப்பது பேருக்கும் அணை உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. யாரும் சிரிக்கலை. ரூலுக்கு பயந்து இல்ல... கதையில மூழ்கிட்டாங்க!

எங்களுக்குப் புரிஞ்சது இதுதான். ‘உன்னைப் பத்தி ஏதாவது சொல்லு’ன்னு கேட்டா யாருக்கும் சொல்ல எதுவும் இல்ல. அது இன்டர்வியூ கேள்வி. ‘உனக்குத் தெரிஞ்சு, எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லு’ன்னு கேட்டா ஊரே பேசும். தன்னம்பிக்கை வந்த பிறகு பேச ஆரம்பிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. பேசப் பேச, அதை ஒருத்தர் உட்கார்ந்து கேட்கக் கேட்க வர்றதுக்குப் பேர்தான் தன்னம்பிக்கை.

நீங்களும் ட்ரை பண்ணலாம்!

எந்த ஊர் கேம்ப்புக்குப் போனாலும், உங்க தெருவுலயே பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் சரி, எங்களுக்கு கை கொடுத்த சில விஷயங்கள்:

* மேடையில ஏத்தாதீங்க. முதல்ல ரெண்டு ரெண்டு பேரா பேசட்டும். அப்புறம் நாலு. அப்புறம்தான் கூட்டம்.

* பேசி முடிக்கிற வரைக்கும் திருத்தாதீங்க. “ஐ கோ யெஸ்டர்டே”ன்னு சொன்னா, “ஓ, யூ வென்ட் யெஸ்டர்டே! தென்?”னு கேளுங்க. திருத்தமும் ஆச்சு, கதையும் ஓடுது.

* கேள்விக்கு அப்புறம் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. மூணுலயே அவசரப்பட்டு நாமளே பதில் சொல்லிடுறோம். பசங்களுக்குத் தேவை அந்த மிச்ச ஏழு.

* தமிழைத் தடை பண்ணாதீங்க. ‘தமிழ் பேசினா ஃபைன்’னு போர்டு வெச்சா, இங்கிலீஷ் வராது. பேச்சே நின்னுடும்.

* சிரிப்புக்கு மட்டும் சட்டம் போடுங்க. பட்டப்பேருக்கு ஆயுசு அதிகம்.

* கேட்கிற காது வேணும். கேம்ப் முடிஞ்ச பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. அதுக்கு நீங்களும் வாய்ஸ்லயே பதில் அனுப்புங்க. வெறும் கட்டை விரல் படம் போட்டு எஸ்கேப் ஆகக்கூடாது!

ஏழு நாள்ல யாரும் சரளமா பேச ஆரம்பிச்சுடலை. அப்படிச் சொன்னா அது டுபாக்கூர். முப்பது பேர்ல அஞ்சாறு பேர் கடைசி வரைக்கும் தலையை ஆட்டினதோட சரி. அவங்களுக்கு ஏழு நாள் பத்தாது, ஏழு மாசம் வேணும். அந்தப் பொண்ணுகிட்ட பதினொண்ணாவது பத்திக் கேட்டோம். “அப்ளிகேஷன் வாங்குறேன்க்கா. பேச வரலைன்னா அப்புறம் பார்த்துக்கலாம்”னு சொன்னா. முடிவு மாறினதோ இல்லையோ, தேதி தள்ளிப் போயிருக்கு. இப்போதைக்கு எங்களுக்கு அது போதும்.

அடுத்த தடவை பாண்டி ட்ரிப் பிளான் பண்ணும்போது ஒரே ஒரு சாயங்காலத்தை மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்க பாஸ். கீழூர் நினைவிடம் பாருங்க, புதுச்சேரியோட பெரிய ஏரியான ஊசுடுல பறவைகள் பாருங்க, அப்படியே சங்கராபரணிக் கரைக்கு வாங்க. ஆத்தைப் பத்தி ஏதாவது ஒரு பொடியன்கிட்ட இங்கிலீஷ்ல கேளுங்க. அவன் தப்பா பேசுவான். நல்லா பேசுவான். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்... கடைசி வரைக்கும் கேளுங்க!